எழும்பூரில் ஓரணாக் கணக்கு

(இடம்: சென்னை எழும்பூர் ரயில் நிலையம், விடியற்காலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர். சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாக ஒரு போர்ட்டர். நடுவே இரண்டு மூட்டைகள்.)

போர்ட்டர்: தூக்கலாமா சார்? இருநூறு கொடுங்கள்.

வாத்தியார்: இருநூறா? இரண்டே மூட்டைதானப்பா. அதில் ஒன்று சாத்தூர் காராச்சேவு. பாதி காற்றுதான்.

போர்ட்டர்: (இன்னொன்றைக் காலால் தள்ளிப் பார்க்கிறார். அது அசையவில்லை.) இது காற்று மாதிரித் தெரியவில்லையே.

வாத்தியார்: அது... மகளுக்கு ஓர் அம்மி. சின்னதுதான். மிக்ஸியில் அரைத்த சட்னி மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லையாம்.

போர்ட்டர்: குழவியும் உள்ளேயா?

வாத்தியார்: பின்னே? குழவி இல்லாமல் அவள் கையாலா அரைப்பாள்?

போர்ட்டர்: அப்படியென்றால் இருநூற்றைம்பது.

வாத்தியார்: அநியாயம்! இந்த ஸ்டேஷன் திறந்தபோது என்ன கூலி இருந்திருக்கும் தெரியுமா? 1908, ஜூன் 11. மூட்டைக்கு ஓரணா கொடுத்திருந்தாலே கும்பிடு போட்டு வாங்கியிருப்பார்கள்.

போர்ட்டர்: அந்த ஓரணாவுக்கு அம்மி தூக்கினார்களா சார்?

வாத்தியார்: பேச்சை மாற்றாதே. சரி, தூக்கு. முன்பக்கமாகப் போவோம். முகப்பைப் பார்க்காமல் போனால் எனக்கு எழும்பூர் வந்த மாதிரியே இருக்காது.

(போர்ட்டர் தலையில் சும்மாட்டை வைத்து அம்மி மூட்டையை ஏற்றுகிறார். காராச்சேவு தோளில். வாத்தியார் கையில் குடை.)

வாத்தியார்: இந்த இடம் முதலில் யாருடையது, சொல் பார்க்கலாம்.

போர்ட்டர்: ரயில்வே இடம்தான் சார்.

வாத்தியார்: இல்லை. பல்னி ஆண்டி என்று ஒரு டாக்டர். தென்னிந்திய ரயில்வே போய்க் கேட்டதும் அவர் கொடுக்க மறுத்துவிட்டார். இந்த மாதிரி இடம் வேறு எங்கே கிடைக்கும் என்றார். கடைசியில் ஒரு லட்சம் ரூபாய்க்கு முடித்தார்கள்.

போர்ட்டர்: அவர் பேரம் பேசியது நியாயம், நான் பேசினால் அநியாயமா?

வாத்தியார்: நீ நடந்துகொண்டே கேள். 1905இல் வேலை ஆரம்பித்தார்கள். படம் வரைந்தவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனைக்கும் அவர்தான்.

போர்ட்டர்: தெரியும் சார். காந்தியோடு சேர்ந்து கட்டினவர்.

வாத்தியார்: யார்?

போர்ட்டர்: வாசலில் போர்டே இருக்கிறதே, காந்தி இர்வின் சாலை என்று.

வாத்தியார்: (நின்றுவிடுகிறார்) அது வைஸ்ராய் இர்வினப்பா! 1931இல் காந்தியோடு ஒப்பந்தம் போட்டவர். இவர் என்ஜினீயர் இர்வின். அவர் வேறு, இவர் வேறு.

போர்ட்டர்: நின்று விளக்காதீர்கள் சார். உங்களுக்கு இரண்டு இர்வின், எனக்கு ஒரு தலை.

வாத்தியார்: கட்டிக் கொடுத்த காண்டிராக்டர் நம் ஆள். பெங்களூரு சாமிநாதப் பிள்ளை. மொத்தச் செலவு 17 லட்சம் ரூபாய். அதற்கு எப்படிக் கட்டியிருக்கிறார்கள் பார்! கார் பிளாட்பாரத்துக்கே வரும். ரயில்பெட்டி வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

போர்ட்டர்: அந்த ஒரு வேலையை மட்டும் எங்களைக் கேட்காமல் செய்துவிட்டார்கள்.

வாத்தியார்: போட் மெயில் கேள்விப்பட்டிருக்கிறாயா? இங்கேயே கொழும்புக்கு டிக்கெட் வாங்கலாம். தனுஷ்கோடி வரைக்கும் ரயில். அங்கே இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல். கரை சேர்ந்ததும் மறுபடி ரயில்.

போர்ட்டர்: ஆக, ஒரே மூட்டையை ரயிலிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து ரயில். ஆஹா! அதெல்லாம் பொற்காலம் சார். ஏன் நிறுத்தினார்கள்?

வாத்தியார்: 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது.

போர்ட்டர்: எங்களுக்கு நல்லது வந்தால் புயலுக்குப் பொறுக்காது. நான் வேலைக்கு வந்தபோது மீட்டர் கேஜ். எல்லோரும் ஹோல்டாலும் டிரங்குப் பெட்டியுமாக வருவார்கள். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுப்போம், அதற்குத் தனிக் காசு. அப்புறம் அகலப்பாதை வந்தது, எஸ்கலேட்டர் வந்தது. எல்லாவற்றையும் சமாளித்தோம். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் பெட்டிக்குச் சக்கரம் வைத்தான் பாருங்கள், அவன்தான் எங்களைக் கவிழ்த்தான்.

வாத்தியார்: அதை விடு, இப்போது நவீனமாக்குகிறார்களே! 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டினார். வருகிறவர்களுக்கு ஒரு கட்டடம், புறப்படுகிறவர்களுக்கு ஒரு கட்டடம், பல அடுக்கில் கார் நிறுத்தம். இந்தப் பழைய கட்டடத்தை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். அச்சாக விமான நிலையம்தான்!

போர்ட்டர்: விமான நிலையத்தில் போர்ட்டரைப் பார்த்திருக்கிறீர்களா சார்?

வாத்தியார்: அங்கே ட்ராலி இருக்கும்.

போர்ட்டர்: ட்ராலி உங்கள் கதையைக் கேட்குமா?

வாத்தியார்: (சற்று யோசித்து) கேட்காதுதான்.

போர்ட்டர்: இந்த வேலைக்கு எவ்வளவு செலவு என்றீர்கள்?

வாத்தியார்: நான் சொல்லவில்லை. சுமார் 735 கோடி.

போர்ட்டர்: அப்போது 17 லட்சம். (மூட்டையைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு மொபைலை எடுக்கிறார்.) 735 கோடி என்றால் 73,500 லட்சம். பதினேழால் வகுத்தால்... 4,323. கூலி எவ்வளவு என்றீர்கள், ஓரணாவா?

வாத்தியார்: ஒரு பேச்சுக்குச் சொன்னேனப்பா.

போர்ட்டர்: நானும் ஒரு பேச்சுக்குத்தான் போடுகிறேன். ஸ்டேஷன் செலவு ஏறின மாதிரியே கூலியும் ஏறினால் 4,323 அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். ஆக 270 ரூபாய்.

வாத்தியார்: சரி, அது உன் இருநூற்றைம்பதுக்குப் பக்கத்தில்தானே வருகிறது? போகட்டும், இருபது ரூபாயில் என்ன இருக்கிறது.

போர்ட்டர்: மூட்டைக்கு ஓரணா என்றுதானே சொன்னீர்கள்? இரண்டு மூட்டை. ஐந்நூற்று நாற்பது.

வாத்தியார்: (குடையை ஊன்றிக்கொள்கிறார்) முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். ஒரு பையன்கூட என் பாடத்தை வைத்து என்னையே மடக்கினதில்லை. ஆளை விடு, அம்மிக்கு ஏற்றிக் கேட்டாயே இருநூற்றைம்பது, அதையே தருகிறேன்.

போர்ட்டர்: அம்மிக்காக ஒத்துக்கொள்கிறேன் சார். முகப்பு வந்தாயிற்று, பார்த்துக்கொள்ளுங்கள்.

(வெளியே வருகிறார்கள். தகரத் தடுப்புக்கும் கிரேனுக்கும் மேலே சிவப்பும் வெள்ளையுமாகப் பழைய கட்டடத்தின் குவிமாடம் கொஞ்சம் தெரிகிறது. வாத்தியார் குதிகாலை உயர்த்தி, கழுத்தை நீட்டிப் பார்க்கிறார். செல்பேசி ஒலிக்கிறது.)

வாத்தியார்: என்னம்மா... வாசலிலேதான் நிற்கிறேன். எந்த வாசலா? காந்தி இர்வின் சாலை... ஓ. அப்படியா. சரி, சரி, அங்கேயே இரு.

போர்ட்டர்: என்ன சார்?

வாத்தியார்: இந்தப் பக்கம் வேலை நடக்கிறது, கார் நிறுத்த முடியாது என்று, பூந்தமல்லி நெடுஞ்சாலை வாசலில் நிற்கிறாளாம்.

போர்ட்டர்: அது ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம்.

வாத்தியார்: தெரியும்.

போர்ட்டர்: அத்தனை தண்டவாளத்தையும் பாலத்தில் ஏறித் தாண்ட வேண்டும்.

வாத்தியார்: தெரியுமப்பா. எவ்வளவு, அதைச் சொல்.

போர்ட்டர்: நீங்கள் வாயைத் திறக்காமல் வந்தால் நூறு. சாமிநாதப் பிள்ளை வந்தால் நூற்றைம்பது.

வாத்தியார்: (பையைத் துழாவிக்கொண்டே) நூற்றைம்பதே வைத்துக்கொள். ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றி இன்னும் சொல்லவே இல்லையே. 1856...