அரிசி டிரம்முக்குள் இரண்டு நாள்

நனைந்த போனை அரிசிக்குள் புதைத்து வை என்று இனி யாராவது என்னிடம் சொன்னால், அதைக் கேட்டுத் தலையாட்டும் பொறுமை எனக்கு இல்லை.

ஐப்பசி மழையில் வேளச்சேரியில் முழங்கால் அளவுத் தண்ணீருக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, சட்டைப் பையிலிருந்து போன் நழுவி விழுந்தது. சில விநாடிகளில் துழாவி எடுத்துவிட்டேன். திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தை, மாடி வீட்டுக்காரர், அலுவலக நண்பர் என எல்லோரும் ஒரே குரலில் கைகாட்டியது சமையலறை அரிசி டிரம்மைத்தான். இரண்டு நாள் பொன்னி அரிசிக்குள் கிடந்த போனை மூன்றாம் நாள் காலையில் எடுத்துச் சார்ஜரில் செருகினேன். ஒரு முறை அதிர்ந்தது, அணைந்தது, அதன் பிறகு கண் திறக்கவே இல்லை.

ரிச்சி தெருவில் ஒரு பழுதுபார்ப்பவர் அதைத் திறந்து, பூதக்கண்ணாடியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பேட்டரி இணைப்பின் நுண்ணிய ஊசிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சார்ஜ் போடும் துளையில் அரிசித் தவிடு ஈரத்தில் ஊறி, பசைபோல் இறுகிக் கிடந்தது. "அன்னைக்கே கொண்டு வந்திருந்தா கழுவிக் கொடுத்திருப்பேன் சார்" என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

போனைக் கொல்வது ஈரம் மட்டுமன்று. தெருத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் சாக்கடைக் கழிவும் மின்சாரத்தைக் கடத்துகின்றன. பேட்டரியிலிருந்து மின்னோட்டம் வந்துகொண்டிருக்கும்வரை, சில்லுகளின் அடியில் தங்கிய துளி ஒவ்வொன்றும் உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. வெளியே கிடக்கும் அரிசிமணி எப்படி அந்த இடுக்குக்குள் நுழைந்து நீரை உறிஞ்சும்? நீர் தானாகவே காய்ந்தாலும் உப்புப் படிவு அங்கேயேதான் இருக்கும். அரிசித் துகள்கள் போனைப் பழுதாக்கக்கூடும், அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் உதவிக் குறிப்பில் எழுதியது. அது நம் வீடுகளுக்கு இன்னும் எட்டவில்லை.

அத்தையையாவது மன்னிக்கலாம், அவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார். விற்றவர்களை மன்னிக்க முடியவில்லை. விளம்பரத்தில் போனின் மீது அருவியாக நீரைக் கொட்டிக் காட்டியவர்கள், நான் சர்வீஸ் சென்டருக்குப் போனபோது சிம் தட்டை உருவி, துளைக்குள் விளக்கடித்து, வெள்ளையாக இருந்த ஒட்டுத்தாள் சிவந்திருப்பதைக் காட்டி, தண்ணீர்ச் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று இரண்டே நிமிடத்தில் என்னை அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் போடும் நீர்த்தடுப்புத் தரக்குறியீடு ஐபி 67 என்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அதுவும் ஆய்வகத்தில், புதுப் போனில், அசையாத நல்ல தண்ணீரில். நாள்பட நாள்பட அந்தத் தடுப்புத் தேயும் என்பதைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, அருவியை மட்டும் திரை முழுக்கக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? நீர்புகாத் தன்மையை விளம்பரப்படுத்திவிட்டு வாரண்டியை மறுத்ததற்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020-இல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. கடலிலும் நீச்சல் குளத்திலும் பயன்படுத்தலாம் என்பதுபோல் விளம்பரம் செய்ததற்காக 2022-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டுக் கிளையை 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டச் சொன்னது. நான் வாங்கியது இவ்விரண்டும் அல்ல, ஆனாலும் விளம்பரத்தில் கொட்டியது அதே அருவிதான்.

முன்பு பின்மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துவிடுவோம். மின்சாரம் அந்தக் கணமே நின்றுவிடும். இன்று பசை வைத்து ஒட்டி, அந்த ஒரே தற்காப்பையும் நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். மிச்சமிருப்பது இவ்வளவுதான்: எடுத்த உடனே அணைக்க வேண்டும், வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாது, உறையையும் சிம் தட்டையும் கழற்றி, சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், முடி உலர்த்தியின் சூட்டைக் காட்டவே கூடாது, சார்ஜரைத் தொடவே கூடாது. பிறகு, சாக்கடையோ கடல்நீரோ பட்டிருந்தால் அன்றே திறந்து, போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவித் தரும் ஒருவரிடம் சேர்த்துவிட வேண்டும்.

பெட்டிக்குள் பல மொழிகளில் அச்சடித்துத் திணிக்கும் அந்தத் தாளில், நனைந்தால் அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், இன்றே கொண்டு வாருங்கள் என்று தமிழில் ஒரு வரி போடட்டும். சிவந்த ஒட்டுத்தாளைக் காட்டி வாசலைக் காட்டுவதற்குப் பதிலாக, கூலி வாங்கிக்கொண்டாவது அன்றைக்கே திறந்து கழுவிக் கொடுக்கட்டும்.