கீரைக்கட்டும் பிட்காயினும்

திங்கட்கிழமை காரைக்குடிச் சந்தையில் இருபது ரூபாய்க்குக் கீரை வாங்கி, போனில் பணம் அனுப்பினேன். கீரை விற்கும் அக்கா அடுத்தவருக்குக் கீரைக்கட்டை எடுத்து நீட்டுவதற்குள் ஸ்பீக்கர் பெட்டி காசு வந்துவிட்டதென்று சொல்லிவிட்டது. கூட வந்த தம்பி, "இன்னும் கொஞ்ச வருஷத்தில் இங்கேயும் பிட்காயின்தான் அண்ணே" என்றான். ஆசையாகச் சொன்னான். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பிட்காயின் என்ற டிஜிட்டல் பணத்தில் பரிவர்த்தனைகளைக் கட்டுக்கட்டாகத்தான் கணக்கில் ஏற்றுவார்கள். அந்தக் கட்டுக்குப் பெயர் பிளாக். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக். உலகம் முழுக்கச் சேர்த்தே நொடிக்கு ஏழு பரிவர்த்தனை போனால் பெரிது. ஒவ்வொன்றையும் பிட்காயின் வலையிலுள்ள எல்லாக் கணினிகளும் சரிபார்த்து, பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும். டிசம்பர் 2017-இல் நெரிசல் முற்றிய நாட்களில் ஒரு பரிவர்த்தனைக்கான சராசரிக் கட்டணமே 50 டாலரைத் தாண்டியது. பிளாக்கைப் பெரிதாக்கலாம் என்றவர்கள் அதே ஆண்டு ஆகஸ்டில் பிட்காயின் கேஷ் என்று தனி நாணயமாகப் பிரிந்து போனார்கள். பெரிதாக்க மறுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். பேரேடு ரொம்பப் பருத்துவிட்டால் சாதாரண ஆள் அதை வீட்டில் வைத்துச் சரிபார்க்க முடியாது.

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஐயாவின் பர்மாக் கடைப் பேரேடு இருக்கிறது. ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் பற்று, மை பழுப்பேறிவிட்டது. கடைக்கும் கடைக்கும் நடந்த ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் பணம் கை மாறவில்லை. எழுதிக்கொண்டே போய், கணக்குப் பார்க்கும்போது மிச்சத்தை மட்டும் தீர்த்தார்கள். யூபிஐயிலும் அப்படித்தான்: நமக்கு உடனே வந்துவிடும், வங்கிகள் தங்களுக்குள் நிகரத் தொகையைப் பிறகு தீர்த்துக்கொள்ளும்.

பிட்காயினின் மேல் ஓடும் லைட்னிங் என்ற வலை 2018-இல் புழக்கத்துக்கு வந்தது. அதுவும் இதே வழிதான். இருவர் ஒரு தொகையைப் பூட்டிவைத்து ஆயிரம் தடவை மாற்றிக்கொள்ளலாம். தொடக்கமும் முடிவும் மட்டும் பிளாக்செயினில் ஏறும். நல்ல யோசனை, மனசாரச் சொல்கிறேன். ஆனால் ஐயா காலத்துக் கணக்கு நம்பிக்கையில் ஓடியது. இதில் முன்கூட்டியே பணம் முடங்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் உங்களுக்கு வர வேண்டுமென்றால், அந்த ஐந்நூறு எதிர்ப்பக்கத்தில் ஏற்கெனவே பூட்டிக் கிடக்க வேண்டும்.

சட்டம் போட்டுப் பார்த்த நாடும் உண்டு. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடார் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கியது. 2025 ஜனவரியில் கடைக்காரர் வாங்கியே தீர வேண்டும் என்பதைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன். "அந்த அக்காவுக்காக எதிர்ப்பக்கம் பணத்தைப் பூட்டப் போவது யாருப்பா? ஏதோ ஒரு கம்பெனிதானே? அவர்கள் அதற்குக் கூலி கேட்பார்கள். வந்த காசை விடியற்காலையில் மொத்தக்கடைக்காரர் வாங்கிக்கொள்வாரா?" கீரைப் பையைக் கை மாற்றிக்கொண்டு, "கேட்டுப் பார்க்கணும் அண்ணே" என்றான். அடுத்த திங்கள் மொத்தக்கடைக்கே போய்க் கேட்கலாம் என்றிருக்கிறோம்.