மெடிக்கல் காலேஜ் தேடுறவங்க முதல்ல வார்டைப் பாருங்க

அட்மிஷன் நேரம் வந்தா போதும், எந்த காலேஜ் பெஸ்ட், ரேங்கிங்ல எது முன்னாடி, ஹாஸ்டல் எப்படின்னு ஆளாளுக்கு கேட்டு துளைச்சு எடுத்துடுவாங்க. அந்த காலேஜ் ஆஸ்பத்திரிக்கு நோயாளிங்க வர்றாங்களான்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க. என்னைக் கேட்டா அதுதான் முதல் கேள்வி, மத்ததெல்லாம் அப்புறம்.

ஏன்னா அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி எல்லாம் எங்க சேர்ந்தாலும் ஏறக்குறைய அதே புக்கு தான், கிளாஸ்ல புரியலைன்னா யூடியூப்ல அதைவிட தெளிவா சொல்லித்தர ஆள் இருக்காங்க. வார்டுக்குள்ள கால் வச்சதுக்கு அப்புறம் தான் ஒரு காலேஜுக்கும் இன்னொரு காலேஜுக்கும் உள்ள வித்தியாசமே தெரியும். உதாரணத்துக்கு மைட்ரல் ஸ்டெனோசிஸ் மர்மர், அதாவது இதயத்துல மைட்ரல் வால்வு குறுகிப்போனா ஸ்டெத்ல கேக்குற ஒரு சன்னமான சத்தம். நோயாளியை இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வச்சு, ஸ்டெத்தோட பெல் பக்கத்தை (கிண்ணம் மாதிரி இருக்கிற பக்கம்) ஏபெக்ஸ்ல, அதாவது இதயத்தோட நுனி இருக்கிற இடத்துல, லேசா வச்சு, மூச்சை வெளிய விட்டுட்டு நிறுத்தச் சொல்லி கேக்கணும், அப்பவும் நிறைய பேருக்கு முதல் தடவை ஒண்ணுமே கேக்காது. பக்கத்துல நிக்கிற சீனியர் நம்ம கையைப் பிடிச்சு "இவ்ளோ அழுத்தாத, அழுத்தினா அந்த சத்தம் போயிரும், இப்போ கேளு"ன்னு சொல்லணும். ஒரு பெட்டை சுத்தி நாலஞ்சு பேர் நின்னா இதெல்லாம் நடக்கும். இருபது பேர் நின்னா அஞ்சாவது ஆள் ஸ்டெத்தை வைக்கிறதுக்குள்ள பெட்ல இருக்கிற நோயாளி அம்மா சலிச்சுப் போய் போர்வையை இழுத்து போத்திக்கிட்டு திரும்பிப் படுத்துடுவாங்க, அவங்க மேல தப்பும் இல்ல, மூச்சு வாங்குதுன்னு வந்து படுத்திருக்கிற மனுஷி அவங்க.

இது புதுசா நான் கண்டுபிடிச்ச விஷயம் ஒண்ணும் இல்ல. 1890கள்லயே அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில வில்லியம் ஆஸ்லர்ங்கிற டாக்டர் ஸ்டூடன்ட்ஸை லெக்சர் ஹால்ல இருந்து வார்டுக்கு கூட்டிட்டு போயி, நோயாளிய பாக்குற வேலையில அவங்களுக்கும் ஒரு பங்கு குடுத்தாரு. அப்புறம் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர்னு ஒருத்தர், அவர் டாக்டரே இல்ல, ஸ்கூல் நடத்தினவர். அமெரிக்கா, கனடாவுல இருந்த 155 மெடிக்கல் ஸ்கூலைப் பத்தி 1910ல ஒரு அறிக்கை குடுத்தாரு. அதுக்காக ஊர் ஊரா சுத்தும்போது ஒரு காலேஜ்ல கதவுக்கு கதவு அனாடமி, பிசியாலஜின்னு பேர் எழுதியிருக்கு, ஆனா எல்லாம் பூட்டிக் கெடக்கு, டீனைக் கேட்டா சாவி வச்சிருக்கிற ஆள் எங்கன்னு தெரியலங்குறாரு. இவரும் சரின்னு கிளம்புற மாதிரி கிளம்பிட்டு, தனியா திரும்பி வந்து, அங்க வேலை பாக்குற ஆளுக்கு அஞ்சு டாலர் குடுத்து கதவைத் திறக்கச் சொல்லி பாத்தா, ரூமுக்கு ரூம் ஒரு டெஸ்க், ஒரு சின்ன கரும்பலகை, கொஞ்சம் நாற்காலி, அவ்ளோ தான். பின்னாடி அவரே இதை எழுதி வச்சிருக்காரு. (அந்த அறிக்கையால நல்லது மட்டுமே நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். கறுப்பின மாணவர்களுக்குன்னு அப்போ இருந்த 7 ஸ்கூல்ல கடைசியில ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் தான் மிஞ்சுச்சு.)

நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் பிரோஷரைப் பாத்துத் தான் காலேஜ் முடிவு பண்றோம். நேர்ல போங்க. காலேஜ்காரங்க சுத்திக் காட்டுற நாள்ல இல்ல, ஒரு சாதாரண வேலை நாள் காலையில போயி ஓபி பக்கமா சும்மா ஒரு மணி நேரம் உக்காருங்க. கூட்டம் இருக்கா, வார்டுல பெட் ஷீட் எல்லாம் கசங்காம புதுசு மாதிரி இருக்கான்னு கண்ணுல படும். அப்புறம் ஆபீஸ்ல பேசுறதை விட்டுட்டு ஃபைனல் இயர் பசங்க, இன்டர்ன்ஸ் யாரையாவது பிடிச்சு, கடைசியா எப்போ நீங்களே ஹிஸ்டரி எடுத்து (நோயாளிகிட்ட என்ன பிரச்சனை, எப்போ ஆரம்பிச்சதுன்னு எல்லாம் கேட்டு) ப்ரொஃபசர்கிட்ட கேஸ் ப்ரெசென்ட் பண்ணீங்க, அவரு திரும்ப பெட்டுக்கே கூட்டிட்டு போயி தப்பைக் காட்டினாரா, லேபர் ரூம்ல உங்களை பக்கத்துல விட்டாங்களா, நைட் கேஷுவாலிட்டில உங்களுக்கு என்ன வேலைன்னு கேளுங்க. பதில் சொல்ல யோசிச்சாங்கன்னா அதுவே ஒரு பதில் தான்.

சரி, சேர்றதுக்கு முன்னாடி என்ன ப்ரிப்பேர் பண்றது? என்ட்ரன்ஸ் மார்க் வேணும், அதைப் பத்தி சொல்ல ஊர் பூரா ஆள் இருக்கு, நான் ஒண்ணு மட்டும் சொல்றேன். ஹைலைட்டரால பக்கம் பக்கமா மஞ்சள் அடிச்சு அஞ்சு தடவை படிக்கிறதை விட்டுட்டு, புக்கை மூடி வச்சு வெள்ளைத் தாள்ல ஞாபகத்துல இருக்கிறதை எழுதிப் பாருங்க. 2006ல ரோடிகர், கார்ப்பிக்குனு ரெண்டு பேர் பண்ண ஆராய்ச்சி இதைத் தான் காட்டுச்சு: திரும்பத் திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சப்ப நல்லா எழுதினாங்க, ஒரு வாரம் கழிச்சு வச்சப்ப, புக்கை மூடி தனக்குத் தானே எழுதிப் பாத்தவங்க தான் முன்னாடி நின்னாங்க. மெடிசின்ல எல்லாமே அந்த ஒரு வாரம் கழிச்சு தான்.

அதைவிட முக்கியம், நோயாளிங்க பக்கத்துல இருக்க உங்களுக்குப் பிடிக்குதான்னு முன்னாடியே பாத்துக்கறது. வீட்ல படுத்த படுக்கையா இருக்கிற பெரியவங்களை ஒரு வாரம் கூட இருந்து பாத்துக்கோங்க, முதியோர் இல்லத்துல லீவுக்கு உதவிக்குப் போங்க. ரத்தம் பாத்து மயக்கம் வருதேன்னு பயப்படாதீங்க, முதல் ஆபரேஷன்ல மயங்கி விழுந்தவங்க நல்ல சர்ஜனாவே வந்திருக்காங்க. ஆனா ஒருத்தர் சொன்னதையே மூணாவது தடவை சொல்லும்போது எரிச்சல் வருதுன்னா கொஞ்சம் யோசிங்க. அதுக்காக மெடிசினே வேணாம்னு இல்ல, பேத்தாலஜி, மைக்ரோபயாலஜின்னு பேச்சு கம்மியா இருக்கிற பக்கமும் இருக்கு, ஆனா அங்க போய்ச் சேர்றதுக்கும் முதல்ல வார்டைத் தாண்டித் தான் ஆகணும்.

காசு விஷயத்துல ஃபர்ஸ்ட் இயர் ஃபீஸை வச்சு கணக்கு போடாதீங்க. அமெரிக்காவுல டிகிரி 4 வருஷம், மெடிக்கல் ஸ்கூல் 4 வருஷம், அதுக்கு மேல ரெசிடென்சி (ஆஸ்பத்திரியில வேலை பாத்துக்கிட்டே எடுக்கிற ஸ்பெஷலிஸ்ட் ட்ரெயினிங்) 3ல இருந்து 7 வருஷம் வரைக்கும் போகும். பிரிட்டன்ல ஸ்கூல் முடிச்ச உடனே சேரலாம், 5 இல்ல 6 வருஷம், ஆனா ஸ்பெஷலிஸ்ட் ஆகுற ட்ரெயினிங் அதுக்கப்புறம் தான் ஆரம்பிக்கும். கடன் வாங்கிப் படிச்சா, பிடிச்ச பிராஞ்ச் எது, கடனை அடைக்கிற பிராஞ்ச் எதுன்னு ஒரு நாள் வந்து நிக்கும்.

வெளிநாட்டுல சேர்றவங்க வேற ஒண்ணையும் பாக்கணும். கிளாஸ் இங்கிலீஷ்ல தான்னு ஏஜென்ட் சொல்லுவாரு, நோயாளி இங்கிலீஷ்லயா வலியைச் சொல்லுவாரு? அந்த ஊர் பாஷை தெரியலைன்னா மேல நான் சொன்ன மர்மர், ஹிஸ்டரி எல்லாம் வேடிக்கை பாக்கறதோட முடிஞ்சிரும். அதனால பாஷை கத்துக்க மனசு இருந்தா மட்டும் போங்க. வேர்ல்ட் டைரக்டரி ஆஃப் மெடிக்கல் ஸ்கூல்ஸ்ல அந்த காலேஜ் பேர் இருக்கான்னு தேடுங்க, ஆனா பேர் இருந்தாலே அங்கீகாரம்னு அர்த்தம் இல்ல, நீங்க எந்த நாட்டுல பிராக்டிஸ் பண்ணப் போறீங்களோ அந்த நாட்டு மெடிக்கல் கவுன்சில் சைட்ல இப்போ என்ன ரூல் இருக்குன்னு நீங்களே உக்காந்து படிச்சுட்டு அப்புறம் அட்வான்ஸ் கட்டுங்க.