அலபாமா 2017: ஓட்டுக் கணக்கு சொல்வது வேறு
"குடியரசுக் கட்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அணி மாறியதால்தான் 2017-இல் அலபாமாவில் டக் ஜோன்ஸ் செனட்டர் ஆனார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை.

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் அந்த மாநிலத்தில் ஜோன்ஸின் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன் வாங்கியது சுமார் 7.3 லட்சம் ஓட்டு. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று நடந்த இடைத்தேர்தலில் ஜோன்ஸ் வாங்கியது சுமார் 6.74 லட்சம், அதாவது அவரைவிடக் குறைவு! ஆனால் குடியரசுக் கட்சியின் ட்ரம்புக்குக் கிடைத்த 13 லட்சத்துச் சொச்சம், ஜோன்ஸை எதிர்த்து நின்ற அதே கட்சி வேட்பாளர் ராய் மூருக்கு வரும்போது 6.52 லட்சமாகச் சரிந்துவிட்டது. பாதிக்குப் பாதி. சிலர் அணி மாறியிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. பெரிய அடி, ஓட்டுப் போட வராதவர்களால் விழுந்தது.

அப்புறம், ஜோன்ஸுக்கும் மூருக்கும் வித்தியாசம் வெறும் 21,924 ஓட்டு. வாக்குச்சீட்டில் வேறு பெயரை எழுதிப் போட்டவர்கள் 22,852 பேர். மூரின் கட்சியைச் சேர்ந்த அலபாமாவின் மூத்த செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பியே அப்படித்தான் செய்தார். மூர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தன, அவர் மறுத்தார் என்றாலும்.

மாநிலமே ஜனநாயகக் கட்சிப் பக்கம் மாறிவிட்டது என்பதும் சரியில்லை. 2020-இல் குடியரசுக் கட்சியின் டாமி டூபர்வில் இதே ஜோன்ஸை சுமார் 20 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார்.