ஓட்டுப் போட்ட பிறகு வரும் கணக்கு

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். 2022 ஜனவரியில் உயர்த்திய வரம்பு அது. இதைக் காரைக்குடிக் கடைத்தெருவில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் கொஞ்சம் வசதியான வீட்டுக் கல்யாணமே இந்தத் தொகையைத் தாண்டிவிடும். ஒரு தொகுதி முழுக்க வண்டி, மைக், கொடி, ஆள், சாப்பாடு எல்லாம் இதற்குள் முடிகிறதாம். சரி, இருக்கட்டும். வரம்பு பொய் என்பது புதுச் செய்தி இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. கணக்கு நம் கைக்கு எப்போது வருகிறது என்பதுதான்.

முதலில் அந்தக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். வேட்பாளர் தேர்தலுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். ஓர் ஆளுக்குப் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. டீ, வடை, பிரியாணி, நாற்காலி, பந்தல், ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் போடும். கட்சிக்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கும்போது, டீ விலையைக் குறைத்துப் போடச் சொல்லி எல்லாக் கட்சியும் ஒரே குரலில் பேசும். வேறு எதிலாவது அந்த ஒற்றுமையைப் பார்த்திருக்கிறீர்களா? இவர்கள் எழுதும் கணக்கைச் சரிபார்க்க அதிகாரிகள் தனியாக ஒரு நிழல் பதிவேடு வைத்திருப்பார்கள். ஏற்பாடு எல்லாம் பக்கா.

ஆனால் இந்தக் கணக்கு வேட்புமனு போட்ட நாளில்தான் தொடங்குகிறது. தை மாதம் மஞ்சுவிரட்டில் மாடு பிடித்தவனுக்குக் கொடுத்த பரிசு, ஊர்த் திருவிழாவில் போட்ட அன்னதானம், கபடிப் போட்டிக் கோப்பை, நாலு ரோடு சந்திப்பில் நின்ற ஆளுயர ஃப்ளெக்ஸ் எதுவுமே அதில் வராது. அதெல்லாம் 'சமூக சேவை'.

அப்புறம் கட்சிச் செலவு. அதற்கு வரம்பே கிடையாது. நட்சத்திரப் பேச்சாளர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினால் அந்தப் பயணச் செலவு கட்சித் தலையில் போய்விடும், வேட்பாளர் தலையில் ஏறாது. வேட்பாளர் கணக்கு முடிவு வந்து 30 நாளைக்குள், கட்சிக் கணக்கு சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளைக்குள். அதாவது புது அமைச்சரவை பதவியேற்று நாற்காலி சூடான பிறகு.

நன்கொடை இன்னும் மோசம். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைக் கட்சி சொல்லியாக வேண்டும். ஆனால் அது நிதியாண்டு முடிந்த பிறகு கொடுக்கும் அறிக்கை. 2021-இல் நமக்கு ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. ஏப்ரல் 2-ஆம் தேதி ஒருவர் ஒரு கோடி கொடுத்திருந்தால் அது அடுத்த நிதியாண்டுக் கணக்கு. 2022 மார்ச் முடிந்து, அறிக்கை தயாராகி, அதற்கப்புறம்தான் அவர் பெயர் வெளியே வரும். நம் ஊரில் தேர்தல் ஏப்ரலை ஒட்டி வருவதால் இது கொடுக்கிறவருக்கு ரொம்ப வசதி.

2019 நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க. தன் கூட்டணியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசிய கட்சிக்கு 15 கோடி கொடுத்தது. இது அந்தக் கட்சியே தாக்கல் செய்த கணக்கில் இருந்த விஷயம். ஒளித்து வைக்கவில்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நமக்குத் தெரிந்தது தேர்தல் முடிந்த பிறகு. கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுத்த தேர்தல் பத்திரத்தின் கதையும் அப்படித்தான். 2018-இல் தொடங்கி, 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தூக்கிப்போட்டது. அதன் பிறகுதான், 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கி நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது ஒரு லாட்டரி நிறுவனம் என்றும், அதில் 509 கோடி தி.மு.க.வுக்குப் போனது என்றும் தெரிந்தது. 2003 முதல் லாட்டரியைத் தடை செய்திருக்கும் மாநிலம் இது! பா.ஜ.க. இந்தப் பத்திரத்தில் வாங்கியது இதைவிடப் பல மடங்கு, ஆகவே யாரும் இங்கே கொடி பிடிக்க வேண்டாம். இடையில் 2019, 2021 என்று இரண்டு தேர்தலில் நாம் ஒன்றும் தெரியாமல் பொத்தானை அமுக்கிவிட்டு வந்தோம்.

பேரேடு, ஐந்தொகை என்று வட்டிக்கடைக் கணக்கை பர்மா, மலேயா வரைக்கும் கொண்டுபோன சீமை இது. இங்கே சின்னக் கிராமத்துக் கோயில் திருவிழாவுக்குக்கூட, புள்ளி வரி வரவு, பந்தல் வகையில் செலவு, வெடி வகையில் செலவு, மீதி கையிருப்பு என்று நோட்டீஸ் அடித்துச் சுவரில் ஒட்டுகிறார்கள். இருநூறு ரூபாய் இடித்தால் அடுத்த கூட்டத்தில் சட்டையைப் பிடிக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், தேர்தல் நேரத்தில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் பறக்கும் படை. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் சீட்டு காட்ட வேண்டும். மாட்டை விற்றுவிட்டு வருகிற சம்சாரி சீட்டுக்கு எங்கே போவார்? பணத்தைக் கருவூலத்தில் கட்டிவிட்டு, திரும்ப வாங்க அவர் அலைகிறார். ஓட்டுக்குப் பணப் பட்டுவாடா மட்டும் நின்றபாடில்லை. அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் 2016-இல், ஆர்.கே. நகர் 2017-இல், வேலூர் 2019-இல் என்று பணத்தால் தேர்தல் நின்றுபோன பட்டியல் நம்முடையதுதான்.

வேட்பாளரின் நகை, நிலம், கடன், வழக்கு எல்லாம் இன்று வாக்குப்பதிவுக்கு முன்பே இணையத்தில் கிடைக்கின்றன. நீதிமன்றம் போய் வாங்கிய உரிமை அது. மனுவோடு போடும் அந்தப் பிரமாணப் பத்திரம் மாதிரியே, கட்சிக்கு வரும் பெரிய நன்கொடையையும் தேர்தல் நேரத்தில் உடனுக்குடன் போடச் சொன்னால் என்ன? கலிபோர்னியா மாநிலத்தில் தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் ஆயிரம் டாலரோ அதற்கு மேலோ வந்தால் 24 மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். அங்கே பண ஆட்டம் ஒழிந்துவிடவில்லை, நம்மைவிடப் பெரிய ஆட்டம் நடக்கிறது. ஆனாலும் யார் பணம் என்று ஓட்டுப் போடுவதற்கு முன்பே தெரிகிறது.

பெயர் தெரிந்தால் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்து பழிவாங்கும் என்பார்கள். சில ஆயிரம் கொடுக்கும் சாதாரண ஆளின் பெயரை யாரும் கேட்கவில்லை. மணல், கிரானைட், ரோடு காண்ட்ராக்ட் என்று தொழில் செய்கிறவர்கள் எந்தப் பக்கம் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது இரண்டு கட்சிக்கும் ஏற்கெனவே தெரியும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் கொடுத்திருப்பார்கள். தெரியாதவர்கள் நாம் மட்டும்தான்.

சட்டம் மாறும்வரை ஒன்று செய்யலாம். வேட்பாளர் தாக்கல் செய்த செலவுக் கணக்கை ஒரு ரூபாய் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தேர்தல் நடத்தை விதியிலேயே இருக்கிறது. காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை நாலு தொகுதிக்கும் சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்தான். போகிறவர்கள் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம். டீ எத்தனை என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.