முதல் கறுப்பின நாயகன் 2017இல் வரவில்லை அண்ணே

தக்கலை அண்ணன் மேலே எழுதியதில் ஒரு திருத்தம். 'கெட் அவுட்' (2017) வரும்வரை பேய்ப்படத்தில் கறுப்பின நாயகனே இல்லை, சின்ன பட்ஜெட்காரர்களுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது என்கிறீர்கள். நிலைமை நேர்மாறு. 1968இலேயே ஜார்ஜ் ரொமேரோ 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' எடுத்துவிட்டார். செலவு ஏறக்குறைய 1,14,000 டாலர்தான். நாயகன் டுவேன் ஜோன்ஸ். கதையில் அந்தப் பாத்திரத்துக்கு இனம் எதுவும் சொல்லவில்லை, நடித்துக் காட்டியவர்களில் அவரே சிறப்பாகச் செய்தார் என்று ரொமேரோ சொல்லியிருக்கிறார்.

பேய்ப்படத்தில் கறுப்பினப் பாத்திரம்தான் முதலில் சாகும் என்பார்களே, இதில் முதலில் சாகிறவரும் இவர் இல்லை. பிணங்கள் எழுந்து வந்து ஒரு வீட்டைச் சூழ்கின்றன. ஜன்னலுக்குப் பலகை அடித்து, அந்தப் பிணக்கூட்டத்தோடு இரவு முழுக்க மல்லுக்கட்டி, அந்த வீட்டில் மிஞ்சுகிற ஒரே ஆள் அவர்தான். விடிந்ததும் வெளியே எட்டிப் பார்க்கிறார். பிணம் என்று நினைத்துக் காவல் கும்பல் நெற்றியில் சுட்டுவிடுகிறது. மார்த்தாண்டத்தில் மாமா வீட்டு மாடியில் போனில் பார்த்தபோது, அந்த இடத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

1973இல் 'கஞ்சா அண்ட் ஹெஸ்' என்ற பேய்ப்படம் வந்தது. இயக்கியவர் பில் கன், கறுப்பினத்தவர். நாயகன் அதே ஜோன்ஸ். திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியது கெட் அவுட்தான், அது சரி.

அப்புறம் மக்கா, ரொமேரோ படத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை இல்லை. யூடியூபில் சும்மாவே பார்க்கலாம்.