எனக்கு அறிஞ்சூடா அண்ணே

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது மணி ஒன்றரை. மொத்தம் பதினொரு பேரை இன்டர்வியூ செய்திருக்கிறேன். கம்பெனி வேலைக்கு இல்லை, நாங்கள் ஆடும் தமிழ் ஆர்பி (ரோல்பிளே, பாத்திரமேற்று ஆடுவது) சர்வருக்கு மாடரேட்டர் எடுக்க. மார்த்தாண்டத்திலிருந்து வந்து தங்கியிருந்த மாமா இடையில் ஒரு தடவை கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார்.

"யாரைடே விசாரணை பண்ணிட்டு இருக்க?"

"கேமுக்கு ஆள் எடுக்கோம் மாமா."

"சம்பளம் எவ்வளவு?"

"சம்பளமெல்லாம் கிடையாது."

"பிறகு எதுக்குடே இன்டர்வியூ?"

மாமா கேட்டது நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற பாதிப் பேர் சொந்தக்காரர்கள், ஜிடிஏ என்றால் வண்டி திருடி போலீஸை அடிக்கிற ஆட்டம் என்பதோடு நின்றுவிட்டவர்கள். ஜிடிஏ ஃபைவ் 2013-ல் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2015-ல். அதன் மேல் ஃபைவ்எம் என்ற ஒன்றை ஏற்றி அவரவர் சொந்தமாக சர்வர் நடத்தலாம், 2023-ல் அந்த ஃபைவ்எம் குழுவை ஜிடிஏவைத் தயாரித்த ராக்ஸ்டார் கம்பெனியே தன்னோடு சேர்த்துக்கொண்டது. இந்த சர்வருக்குள் நீங்கள் நீங்களாக இருக்கக் கூடாது, ஒரு பாத்திரமாக இருக்க வேண்டும். டாக்ஸி ஓட்டலாம், ஆம்புலன்ஸில் போகலாம், வக்கீலாகி கோர்ட்டில் ரெண்டு மணி நேரம் வாதாடலாம். எங்கள் சர்வரில் ஒருத்தர் ஆறு மாதமாக டீக்கடை மட்டும்தான் நடத்துகிறார், துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை, அவர் கடையில்தான் எப்போதும் கூட்டம். கூட்டம் என்றால் சண்டையும் வரும். காரணமே இல்லாமல் சுட்டான் என்பார்கள், வண்டியை ஏற்றிக் கொன்றான் என்பார்கள், ஆட்டத்துக்கு வெளியே, டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் காதில் விழுந்ததைப் பாத்திரத்துக்குத் தெரிந்த மாதிரி வந்து மெட்டா அடித்தான் என்பார்கள். டிக்கெட் போடுவார்கள், அதாவது புகார். அதைத் தீர்த்துவைக்கிறவர்தான் மாடரேட்டர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்து எல்லாத் தமிழ் சர்வரிலும் ஸ்டாஃப் இன்டர்வியூ ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஆர்டிஎம் (காரணமில்லாமல் சுடுவது) என்றால் என்ன, விடிஎம் (வண்டியை ஏற்றிக் கொல்வது) என்றால் என்ன, என்எல்ஆர் (செத்துப் பிழைத்த பாத்திரம் பழசை மறக்க வேண்டிய விதி) எத்தனை நிமிடம், பவர் கேமிங்குக்கு (நிஜத்தில் நடக்காததைச் செய்வது) ஒரு உதாரணம் சொல்லு. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் ஒரு மதிப்பெண் வினா. வாய்ஸில் நடக்கிற இன்டர்வியூ என்பதால் எதிரே இருப்பவர் விதிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கிறார், மவுஸ் உருளுகிற சத்தம் நமக்கே கேட்கிறது. சனிக்கிழமை ஒரு தம்பி "மேலும் விவரத்துக்கு விதி 4.2 கீழே பார்க்கவும்" என்பதையும் சேர்த்தே வாசித்துவிட்டான். நான் மைக்கை மியூட் பண்ணிவிட்டுச் சிரித்தேன், பாவம்.

விதி தெரிகிறதா என்று பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ரெண்டு நாளில் படித்துக்கொள்ளக்கூடிய சமாச்சாரம். அதற்காக இன்டர்வியூ நேரத்தைச் செலவழிக்காதீர்கள் என்கிறேன்.

நம்ம ஊர்க் கோவில் கொடையில், சர்ச் திருவிழாவில் எல்லாம் வாலண்டியர் பேட்ஜ் கொடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கொடுத்த பத்து நிமிஷத்தில் சில பயல்களுக்கு நடையே மாறிவிடும், நேற்றுவரை கூட உட்கார்ந்து பழம்பொரி தின்றவனையே "ஒதுங்கி நில்லு" என்பான். இன்னும் ரெண்டு பேர் பேட்ஜைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுச் செருப்பு குவிந்துகிடக்கிற இடத்தை ஒழுங்குபண்ணிக்கொண்டு இருப்பார்கள். இன்டர்வியூவில் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான். இதைக் கண்டுபிடிக்க என்எல்ஆர் எத்தனை நிமிடம் என்ற கேள்வி உதவாது.

நானும் இதில் ஏமாந்தவன்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு சர்வரில் இருந்தேன், பெயர் வேண்டாம். அங்கே ஒரு பையனை நானே தேர்ந்தெடுத்தேன். விதி அத்தனையும் நாக்கு நுனியில், பேச்சு எஃப்எம் அறிவிப்பாளர் மாதிரி. ஸ்டாஃப் ஆனால் ஸ்பெக்டேட் வசதி கிடைக்கும், அதாவது எந்த ஆட்டக்காரரையும் அவருக்கே தெரியாமல் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். புகார் வந்தால் பார்ப்பதற்கு. மூன்று வாரம் கழித்து ஒரு கேங்க்காரர்கள் புலம்ப ஆரம்பித்தார்கள், எங்கே சரக்கு ஒளித்து வைத்தாலும் எதிர் கேங் வந்து நிற்கிறது என்று. நான் சர்வரின் பதிவேட்டை, அதாவது லாக்கை, எடுத்து உட்கார்ந்தேன். இவன் ஸ்பெக்டேட் போட்ட நேரத்தை ஒரு பக்கமும் எதிர் கேங் வந்து இறங்கிய நேரத்தை இன்னொரு பக்கமும் நோட்டில் எழுதிப் பார்த்தால், நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம், நாலு நிமிஷம். எதிர் கேங் இவன் ஸ்கூல் கூட்டாளிகள். மெட்டாவுக்கு அத்தனை அழகாக விளக்கம் சொன்னவன். ஓனரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், நல்ல ஆக்டிவ் ஸ்டாஃப், விட்டுப் பிடிப்போம் என்றார். நான் சர்வரை விட்டேன்.

அதற்கப்புறம் நான் கேட்கிற கேள்விகள் வேறு. உன் உயிர்க்கூட்டாளி மேல் ஒரு டிக்கெட் வருகிறது, வீடியோ கிளிப்பில் தப்பு அவன் மேல்தான், ஆன்லைனில் நீ ஒருத்தன்தான் ஸ்டாஃப், என்ன செய்வாய்? "தயங்காம பேன் பண்ணி வெளியே தள்ளுவேன்" என்று மீசையை முறுக்குகிறவரை நான் நம்புவதில்லை. அந்த டிக்கெட்டைத் தொடாமல் இன்னொரு ஸ்டாஃபைக் கூப்பிடுவேன் என்பவர் கொஞ்சம் உலகம் தெரிந்தவர். அடுத்தது, மாசாமாசம் சர்வருக்குப் பணம் போடுகிறவர் ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லோரையும் சுட்டுத் தள்ளுகிறார், என்ன செய்வாய்? இதற்கு வருகிற மௌனத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்வி உண்டு, கடைசியாகக் கேட்பது. ஆட்டத்துக்கு நடுவில் ஒருத்தன் குரல் மாறி, நான் சாகப்போறேன்டா, இது ஆர்பி இல்ல என்கிறான். என்ன செய்வாய்? ஒரு அண்ணன், என்னைவிட மூத்தவர், யோசிக்காமல் சொன்னார்: "பாத்திரத்தை விட்டு வெளியே வந்து பேசியிருக்கான், ஃபெயில் ஆர்பி, வார்ன் போடுவேன்." எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. விதிப்படி அவர் சொன்னது சரிதான், அதுதான் பயமாக இருந்தது. எங்கள் ஸ்டாஃப் சேனலில் மேலே பின் பண்ணி வைத்திருப்பது விதிப் பட்டியல் இல்லை, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. ஆட்டத்தை நிறுத்து, தனியே கூப்பிட்டுப் பேசு, இந்த நம்பரைக் கொடு, மூத்த ஸ்டாஃபை எழுப்பு. விளையாட்டுக்குச் சொன்னானா நிஜமா என்பதெல்லாம் பிறகு.

இப்போது தலைப்பில் பேசுகிற குலசேகரம் பையன். ஒன்பதாவது ஆளாக வந்தான், பத்தொன்பது வயசு. (ஜிடிஏ பதினெட்டு வயசுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆட்டம், அப்ளிகேஷனில் பாதி பதினைந்து வயசுப் பிள்ளைகள். அவர்களை அப்போதே படிக்கப் போ என்று அனுப்பிவிடுகிறோம்.) முதல் கேள்விக்கே "எனக்கு அறிஞ்சூடா அண்ணே, கேட்டுட்டு சொல்லுதேன்" என்றான். என்னோடு இன்டர்வியூ எடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர், அவருக்கு அறிஞ்சூடா புரியவில்லை, தெரியாது என்கிறான் என்று நான் விளக்கினேன். பிறகு தனியே என்னிடம், மலையாளம் மாதிரி பேசுறான், கம்யூனிகேஷன் வீக், ரிஜெக்ட் பண்ணிடலாம் என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. யாழ்ப்பாணத் தமிழ், மலேசியத் தமிழ், மதுரைத் தமிழ் எல்லாம் புழங்குகிற சர்வர் இது, நம்ம குமரி மாவட்டத் தமிழ் மட்டும் வீக்கா? அதுவும் போக, பதினொரு பேரில் தெரியாது என்று வாயால் சொன்னது அவன் ஒருத்தன்தான். தெரியாததைத் தெரிந்த மாதிரி தீர்ப்பு சொல்கிற ஸ்டாஃபால்தான் சர்வரில் பாதிப் பிரச்சினையே. கடைசிக் கேள்விக்கு அவன் சொன்னது: "முதல்ல அவன்கூட இருக்கணும் அண்ணே. எங்க இருக்கான்னு கேக்கணும். ரூலெல்லாம் அப்புறம்."

அடுத்த தடை நேரம். அப்ளிகேஷனில் தினமும் ஐந்து மணி நேரம் என்று போட்டிருந்தோம். அவன் அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவன், விடிய முன்னே மூணு மணிக்கு எழும்பணும், தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு. அதனால் ராத்திரி எட்டிலிருந்து பத்துவரைதான் இருக்க முடியும் என்றான். ஐந்து மணி நேரம் என்று கேட்டால் யார் வருவார்கள்? வேறு வேலை இல்லாதவன் வருவான், அவனுக்கு இந்தப் பதவிதான் வாழ்க்கை என்றாகிவிடும், பிறகு அதை விட்டு இறக்க முடியாது. எங்களுக்கு ஐந்து மணி நேர ஆள் தேவையும் இல்லை. நாகர்கோவிலில் ராத்திரி பதினொன்று என்றால் துபாயில் ஒன்பதரை, குவைத்தில் எட்டரை, அங்கேயிருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வருவார்கள். ஆளுக்கு ரெண்டு மணி நேரமாகப் பிரித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாதாடி அந்த ஐந்தை ரெண்டாக மாற்ற வைத்தேன். கோயம்புத்தூர்க்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, பேசுவார், நல்ல மனுஷன்.

பையனை ஒரு மாதம் டிரயலில் எடுத்திருக்கிறோம். தேறுவானா என்று எனக்கும் அறிஞ்சூடா. இன்றைக்குக் காலையிலிருந்தே குலசேகரம் பக்கம் நல்ல மழையாம், மழை என்றால் பால்வெட்டு கிடையாது, நாளைக்கும் இருக்காது போல. சாயங்காலம் ஆறரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். நாலு டிக்கெட் கிடந்தது, மூன்றை முடித்தான். நாலாவதுக்கு நடுவில் இடி இடிக்கவும் அம்மா ரவுட்டர் வயரைப் பிடுங்கிவிட்டார்களாம், போனிலிருந்து மெசேஜ் போட்டிருக்கிறான்: "அண்ணே, அத யாரும் மூடாதீங்க, நான் வந்து பாக்கேன்."